சுவருக்குள் ஓர் ஆயுள்

கேள்வி: மடத்தை விட்டு வெளியே வராத கன்னியர், சாமான் வாங்கக்கூடவா வரமாட்டார்கள்? (வாசகர், பசுமலை)

பதில்: வரமாட்டார்கள். பழைய கோவாவின் புனித மோனிக்கா மடம் 1606-இல் தொடங்கி 1627-இல் கட்டி முடிக்கப்பட்டது. அகுஸ்தீன் சபைக் கன்னியர் அங்கே வாக்குறுதி எடுத்தால், வாழ்வும் சாவும் அந்த மதிலுக்குள்தான். கன்னியர் மடங்களுக்கெல்லாம் 1298-இல் போப் எட்டாம் போனிபாஸ் விதித்த கட்டுப்பாடு அது. உறவினரிடம் பேசக் கம்பித் தடுப்பு. சாமானுக்கோ, இத்தகைய மடங்களில் சுவரில் பதித்த சுழல் மரப்பெட்டி உண்டு. வெளியிலிருந்து அரிசியையும் பருப்பையும் வைத்துச் சுற்றிவிட்டால் உள்ளே திரும்பிவிடும். கொடுத்த கையை வாங்கிய கை பார்க்காது. சிறை என்று சொல்லத் தோன்றும். ஆனால் மணியடித்தால் செபம், இடையே வேலை, மௌனம் என்று விரும்பி ஏற்றவர்களும் பலர். அம்மடத்தின் கடைசிக் கன்னி 1885-இல் மறைந்தார். இன்று கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் அங்கே இயங்குகிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.