குப்பைக்கும் விசா வேண்டும்

கேள்வி: ரசாயனக் கழிவு விஷயத்தில் உலக நாடுகள் கூடிப் பேசுவதெல்லாம் வெறும் டீ, பிஸ்கட் மாநாடுதானா?

பதில்: டீயும் உண்டு, காரணமும் உண்டு. 1988-இல் இத்தாலியின் நச்சுக் கழிவு, ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் நைஜீரியாவின் கோகோ ஊரில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது அம்பலமானது. கொல்லைக்கு மாத வாடகை சுமார் 100 டாலர்!

எடுத்துப் போகச் சொன்னது நைஜீரியா. கழிவை ஏற்றிய 'கரின் பி' கப்பலுக்கு ஐரோப்பியத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜிகூடக் கிடைக்காத மாப்பிள்ளை கதைதான்.

அடுத்த ஆண்டே பேசல் ஒப்பந்தம் வந்தது. பெறும் நாடு எழுத்தில் சம்மதிக்காமல் அபாயக் கழிவு எல்லை தாண்டக்கூடாது. நல்ல சட்டம்தான். 1990-இல் கையெழுத்திட்ட அமெரிக்கா, அதை இன்னும் உறுதி செய்யவில்லை.