நம்மூர்க் கரப்பு, நியூயார்க் விலாசம்

குவீன்ஸ், நியூயார்க்

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

வீடியோவில் எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு கரப்பான் பூச்சி நடைபோனதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுப் பையன் வரும்போது ஒரு டஜன் பூச்சி சாக்பீஸ் கொடுத்தனுப்புவதாகச் சொன்னீர்களாம். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், வேண்டாம். அதை விற்பதே இங்கே சட்டவிரோதம். எழுதுகிற சாக்பீஸ் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் வைத்துவிடும் என்று பயம். அவன் பெட்டியில் அரிசியும் வைக்காதீர்கள். கப்ரா வண்டு வந்துவிடுமென்று விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

வண்டுக்குத்தான் இந்தக் கெடுபிடி. கரப்பு எப்போதோ உள்ளே வந்துவிட்டது. நீங்கள் பார்த்தது நம் குளியலறையில் பறக்கும் தடியன் இல்லை. விரற்கடை நீளம்கூட இல்லாத பழுப்பு நிறக் குட்டி. 1767-ல் லின்னேயஸ் அதற்கு ஜெர்மன்காரன் என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். 2024-ல் மரபணுவைத் துருவிப் பார்த்தவர்களோ, அதன் பூர்வீகம் இந்தியா அல்லது மியான்மர் பக்கம், வயது சுமார் 2,100 ஆண்டு என்கிறார்கள். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் விசாவுக்காகத் தூதரக வாசலில் கால் கடுக்க நின்றது நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது.

இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவனுக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு. 2018-ல் வந்த நகரச் சட்டப்படி, மூன்று குடித்தனமோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால், கரப்பு, எலி இல்லாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அதுவும் மருந்தை அடித்துவிட்டுப் போனால் போதாது. ஓட்டையை அடைக்க வேண்டும், ஒழுகும் குழாயைச் சரி செய்ய வேண்டும். கரப்பின் எச்சமும் எலிப் புழுக்கையும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பதால் இந்தச் சட்டம்.

எனவே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர் வந்தார். கையில் டார்ச், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், ஒரு ஸ்க்ரூ டிரைவர். சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, சுவருக்குள் குழாய் நுழையும் இடத்தில் இருந்த சந்தில் கம்பி நாரைத் திணித்து, மேலே பசை பூசினார். பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடுமாம். கம்பியை அது கடிக்காது. வாசல் கதவுக்கடியில் ரப்பர் பட்டை. அடுப்புக்குப் பின்னால் ஒட்டும் அட்டை; எந்த அட்டையில் அதிகம் சிக்குகிறதோ அங்கேதான் குடியிருப்பு என்று கண்டுபிடிப்பார். அந்த இடத்தில் மட்டும் உளுத்தம்பருப்பு அளவில் பசை மருந்து. தின்ற கரப்பு தன் பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று உறவுக்காரர்களும் போய்ச் சேருவார்கள்.

ஸ்ப்ரே டப்பாவைக் கண்டால் அவருக்குக் கோபம் வருகிறது. ஸ்ப்ரே வாடை அடித்தால் கரப்பு பசை மருந்தைத் தொடாதாம். சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுமாம். அறை முழுக்கப் புகைவிடும் டப்பாவும் உதவாது. புகை படிவது நம் மேஜையில்; கரப்பு இருப்பது சந்தில். அவர் சிபாரிசு செய்த பவுடரை மாமாவுக்கு நன்றாகத் தெரியும்: கேரம் போர்டில் போடுவோமே, அந்த போரிக். மெல்லியதாகத் தூவ வேண்டும். குவித்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். குழந்தைகள் கை படாத சந்தில்தான்.

இன்னொன்றும் மாமாவிடம் சொல்லுங்கள். இனிப்பு மருந்தையே ஆண்டுக்கணக்கில் வைத்ததில், சில கரப்புகள் குளுக்கோஸைத் தொடுவதையே விட்டுவிட்டன. அவற்றுக்கு அது கசக்கிறது என்று வட கரோலினாவில் 2013-ல் கண்டுபிடித்தார்கள். டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டும் மாமா விடாத சர்க்கரை!

எனக்குக் கிடைத்த திட்டு வேறு வகை. மளிகை வந்த அட்டைப்பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் சேர்த்து வைக்கிறோம் அல்லவா, நம் குலவழக்கம்? அதுதான் கரப்புக்கு இலவச வீடு என்று எல்லாவற்றையும் மடித்துக் கட்டச் சொன்னார். பத்துப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க ஊறப் போடக் கூடாது. கரப்பு சோறில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீரில்லாமல் தாங்காது. படுக்கப் போகும் முன் சிங்கைத் துணியால் துடைத்து உலரவிட வேண்டும். இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

தெரு எலிகள் தனி ராஜ்யம். அவற்றை ஒழிக்கவென்றே 2023-ல் மேயர் ஓர் அதிகாரியை நியமித்தார். அந்த அதிகாரி முன்பு பள்ளி ஆசிரியை. என்னை மூன்றாம் வகுப்பில் மிரட்டிய டீச்சர் வந்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லா எலியும் நதியைத் தாண்டி நியூஜெர்சிக்கு ஓடியிருக்கும். அதே வருஷம், குப்பை மூட்டையை மாலை நான்கு மணிக்கே தெருவில் வைக்கும் பழக்கத்தையும் நிறுத்தி, இரவு எட்டுக்கு மேல் என்று ஆக்கினார்கள். எலிக்கு விருந்து நேரத்தைக் குறைக்கிறார்களாம்.

மணி ஏழே முக்கால். சூப்பர் கதவைத் தட்டுகிறார், மூட்டையைக் கொடுத்துவிட்டு வருகிறேன். மாமாவுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் மருமான்