பந்துப் பௌராணிகர்

மனிதர்களை ஆடுகிறவர்கள், ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் என்று இரண்டாகப் பிரிப்பது சாஸ்திரக்காரர்களின் வழக்கமாக இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஏதாவதொரு தேநீர்க்கடையின் பெஞ்சில் அரை நாழிகை உட்கார்ந்தெழுந்த எவரும், ஆடவும் ஆடாமல், பார்க்கவும் பார்க்காமல், ஆட்டத்தைப் பற்றிய சகல அதிகாரங்களையும் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கும் மூன்றாவது வர்க்கம் ஒன்று உண்டென்பதையும், மற்ற இரண்டு வர்க்கங்களும் அதன் தயவில்தான் பிழைத்து வருகின்றன என்பதையும் ஒப்புக்கொள்வார். அந்த வர்க்கத்தின் உத்தமப் பிரதிநிதியைத்தான் இங்கே பந்துப் பௌராணிகர் என்று அழைக்கிறோம்.

அவருடைய லக்ஷணங்களை முதலில் சொல்லிவிடுவது நலம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நெடுங்காலம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்ததன் பலனாக, முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே அபிப்பிராயம் வைத்துக்கொண்டிருக்கும். பந்தை ஒரு தடவைகூட உதைத்தறியார்; பந்தாட்ட மைதானத்தைப் பேருந்தின் ஜன்னல் வழியாகக் கண்டதுண்டு. ஆயினும், தினசரியின் விளையாட்டுப் பக்கத்தில் மூன்று வரியாக வரும் முடிவை வாசித்த மாத்திரத்தில், எந்த அணியின் பின்காப்பு எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறதென்று கண்டுபிடித்து, அதற்கு நிவாரணமும் சொல்லி, அந்த நிவாரணத்தைப் பயிற்சியாளர் கடைப்பிடிக்கவில்லையே என்று மனம் புழுங்கவும் செய்வார். "ஆஃப்சைடுன்னா இன்னா பெரியப்பா?" என்று ஒரு பையன் வெகுளியாகக் கேட்டுவிட்டால் அவர் சற்றும் கலங்கமாட்டார். "அது நடுவரோட மனசாட்சி விஷயம், தம்பி. நாம அதுல தலையிடக் கூடாது" என்று பெருந்தன்மையோடு அந்த அத்தியாயத்தை முடித்துவிடுவார்.

இத்தகையவர்கள் எந்த ஊரிலும் முளைப்பார்களென்றாலும், காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் முளைத்தவருக்கு மண்ணின் பலமும் சேர்ந்துவிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், இவ்வூரில் எழுந்த சிவாலயத்தின் பொருட்டு வழங்கிய செப்பேட்டில், தானம் செய்த நிலத்தை 25 பங்காக வகுத்து, அதில் ஒரு பங்கை மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒதுக்கி வைத்தான். யுத்தத்தைக் காணாதவர் ஒருவர், யுத்தத்தைக் காணாத பலருக்கு அதைச் சொல்வதற்காக ராஜாங்கமே மானியம் ஏற்படுத்திய ஊர் இது. பௌராணிகர் இந்தச் சரித்திரத்தை நன்கறிந்தவர். ஆகையால், "பார்க்காத ஆட்டத்தைப் பத்தி எப்படி இவ்வளவு பேசுறீங்க?" என்று கேட்கிறவர்களிடம், தம்முடைய தொழிலுக்குப் பல்லவர் சாசனம் இருப்பதாகவும், அந்த ஒரு பங்கு நிலம் இப்போது எவர் அனுபவத்தில் இருக்கிறதென்று தெரியாத குறையினால்தான் தாம் கடன் சொல்லித் தேநீர் குடிக்க நேர்ந்திருப்பதாகவும் விடையளிப்பார். கூரத்தில் கிடைத்துச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் பல்லவர் காலத்து நடராஜத் திருமேனி, முழங்காலை மடக்கி உயர்த்திய கோலத்தில் நிற்பதைக் குறித்தும் அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. அதை அவர் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கிய அன்று, கடைக்குப் பால் கொண்டுவந்த மூதாட்டி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல கன்னத்துல போட்டுக்க" என்று உத்தரவிட, அவரும் போட்டுக்கொண்டார்.

அவருடைய பக்தியின் வரலாறு சிறிது சிக்கலானது. 2015 டிசம்பரிலும் 2018 மார்ச்சிலும் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது, அவ்வெற்றிகளில் தமக்குரிய பங்கை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். அடுத்த பருவத்திலேயே அதே அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் சேர்த்துப் பட்டியலின் அடியில் போய் அமர்ந்தது. மற்ற பக்தர்கள் திகைத்து நிற்க, பௌராணிகர் மட்டும் அந்தச் சரிவின் தொடக்கத்திலேயே பட்டியல் அச்சான தாளை மடித்து வடையின் எண்ணெயை ஒற்றுவதற்குக் கொடுத்துவிட்டு, ஐ-லீக் என்ற மற்றொரு பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டார். ஒரே தேசத்துக்கு முதல்தர லீக்குகள் இரண்டு இருக்கலாமா என்ற ஆட்சேபம் எழாமலில்லை. 1996-இல் தேசிய லீக்காகத் தொடங்கி 2007-இல் ஐ-லீக்கானது மூத்தது. 2014-இல் பிறந்த சூப்பர் லீக் பணத்தில் பெரியது. அந்நாளில் இரண்டுமே சரிசமமாக முதல் வரிசையில் அமர்த்தப்பட்டிருந்தன. ஆனால், வரதர் சந்நிதியில் யானைக்கு எந்த நாமம் சாத்துவதென்று வடகலையாரும் தென்கலையாரும் வழக்காடிய கதையைக் கேட்டு வளர்ந்த சீமையில் இதெல்லாம் ஒரு கேள்வியா? "யானை ஒண்ணுதான் தம்பி, நாமந்தான் ரெண்டு" என்றார் பௌராணிகர்.

அவர் வரித்துக்கொண்டது சென்னை சிட்டி எஃப்.சி. என்னும் அணி. முந்திய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவதாக நின்று, கீழே தள்ளப்படாமல் தப்பித்ததே அதன் கீர்த்தி. பெயரில் சென்னை இருந்ததே தவிர, அது தன் ஆட்டங்களை ஆடியதெல்லாம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். கடைக்கு வரும் கிரிக்கெட் அபிமானிகள் இதைக் கேலி செய்தபோது, பௌராணிகர் திருமழிசையாழ்வாரைத் துணைக்கழைத்தார். ஆழ்வார் சொன்னாரென்பதற்காகப் பெருமாளே பாயைச் சுருட்டிக்கொண்டு காஞ்சியைவிட்டுப் புறப்பட்டிருக்க, ஓர் அணி மேற்கே குடிபோவதில் என்ன தோஷம் என்பது அவர் வாதம். அதே பருவத்தில் ரியல் காஷ்மீர் என்ற அணி, பள்ளத்தாக்கிலிருந்து முதன்முதலாக இந்த லீக்குக்குள் நுழைந்ததைக் கேட்டு ஊரார் வியந்தபோது அவர் வியக்கவில்லை. உடையவராகிய ராமானுஜரோடு காஷ்மீரத்துக்குப் போய், அங்கே பார்க்கக் கிடைத்த போதாயன விருத்தியை மனத்திலேயே எழுதிக்கொண்டு திரும்பிய கூரத்தாழ்வான் பிறந்த ஊர்க்காரருக்குக் காஷ்மீரம் அடுத்த தெருத்தானே!

ஆட்டத்தின் நுட்பத்தை அவர் விளக்கும் முறை தறியிலிருந்து வந்தது. கோர்வைப் புடவை நெய்கையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவர் ஒரு நாடாவை விட, பக்கத்தில் உட்கார்ந்த பையன் கரைக்குரிய நாடாவை விட, இரண்டு இழையும் ஒன்றையொன்று கொக்கியிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். பையன் கண்ணயர்ந்தால் புடவை போயிற்று. "மான்சி கோல் போட்டான்னு கை தட்டுறீங்களே, கரை போட்ட பையன் யாருன்னு கேட்டீங்களா?" என்பார். ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் போட்டவர். நெஸ்தர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஸ்பெயின் தேசத்தார் உடனிருந்தார்கள். ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் வான்ஸ்பால் முதலிய நம்மவர்கள் இடையிடையே ஓடினார்கள். எல்லோரையும் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் மேய்த்து வந்தார். இந்தக் கோர்வைச் சித்தாந்தம் உண்மையில் பழுதில்லாதது என்பதையும், பௌராணிகர் தம்மையறியாமல் சரியாகச் சொன்ன சொற்ப விஷயங்களில் இது ஒன்றென்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும்.

பருவம் 2018 அக்டோபர் 26 அன்று, இந்தியன் ஆரோஸ் என்னும் இளைஞர் அணியைச் சென்னை சிட்டி 4-1 என்று வென்றதோடு பிறந்தது. பதினோர் அணிகள், ஒவ்வொன்றும் மற்ற பத்தையும் தன் மைதானத்தில் ஒருமுறையும் அவர்கள் மைதானத்தில் ஒருமுறையும் சந்திக்க, ஆளுக்கு 20 ஆட்டம், மொத்தம் 110. வென்றால் 3 புள்ளி, சமனானால் 1, தோற்றால் பூஜ்யம். கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது பௌராணிகருக்குப் பெரிய உபகாரமாயிற்று. கூலிக் கணக்கும் ஜரிகைக் கணக்கும் ஒருநாளும் தமக்குச் சாதகமாக முடியக் கண்டிராத மனிதர், ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடையின் சுவரில் கரிக்கட்டியால் புள்ளிகளைக் கூட்டி எழுதி, யார் எங்கே தோற்றால் நமக்கு எவ்வளவு லாபமென்று நிர்ணயித்து ஆனந்தமடைந்தார். இடையில், இந்த லீக்கின் ஆட்டங்கள் சிலவற்றுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். பௌராணிகருக்கோ அதுவே வசந்தகாலம். யாருமே பார்க்காத ஆட்டத்தை மறுத்துப் பேச யாருக்கும் வழியில்லையல்லவா? அந்த ஆட்டங்களை அவர் வர்ணித்ததற்கு ஈடான வர்ணனையை ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் எவரும் செய்திருக்க முடியாது.

அவருக்கு இந்த லீக்கில் பிடிக்காத அம்சம் ஒன்றே ஒன்றுதான்: டிரா. தோல்வியைக்கூட அவர் ஜீரணித்துக்கொள்வார். நடுவர் இருக்கிறார், மழை இருக்கிறது, கிரகங்கள் இருக்கின்றன. ஆனால் ஒருவரும் வெல்லாமல் ஒருவரும் தோற்காமல் ஆளுக்கொரு புள்ளியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது அவருக்குக் கோழைத்தனமாகவே தோன்றியது. "டிரா பண்றது பஞ்சாயத்தார் வேலை, ஆட்டக்காரன் வேலையில்லை" என்பது அவருடைய தீர்ப்பு. பருவம் முழுவதிலும் சென்னை சிட்டி நான்கு முறை டிரா செய்தது. அந்த நான்கு தினங்களும் பௌராணிகர் துக்கம் காத்து, தேநீரில் சர்க்கரை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

2019 மார்ச் 9 அன்று கணக்கு முடிவுக்கு வந்தது. சென்னை சிட்டி 40, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. தேசிய லீக்கை மூன்று முறை வென்றிருந்தும் ஐ-லீக்கை ஒருமுறையும் வெல்லாத தாபம் ஈஸ்ட் பெங்காலுக்கு. அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடும், நம்மவர்கள் கோயம்புத்தூரில் நடப்புச் சாம்பியனான மினர்வா பஞ்சாபோடும் ஒரே சமயத்தில் மோதினார்கள். கடையில் கைபேசி வைத்திருந்த பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவன் வாசிக்கும் வெறும் எண்களுக்கு உயிரும் உடலும் கொடுத்துப் பௌராணிகர் கதை சொல்லத் தொடங்கினார். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. கூட்டம் சோர்ந்தது, அவர் சோரவில்லை. பாண்டவர்கள் சூதில் தோற்காதிருந்தால் வியாசருக்கு எழுத என்ன இருந்திருக்குமென்று கேட்டார். பிற்பாதியில் மான்சி பெனால்டியால் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா ஒரு கோலும், முடிவில் கூட்டிக்கொடுத்த நிமிஷங்களில் இன்னொரு கோலும் போட, ஆட்டம் 3-1 என்று முடிந்தது. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றுவிட்டது. 43-க்கு 42. ஒரு புள்ளியில் தேசத்தின் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. கூரத்தில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை. ஆனால் கடைக்காரர் அன்றைக்கு ஒரு டீயைக் கணக்கில் எழுதாமல் விட்டார்.

ஆரவாரம் அடங்கிய பிறகு, கைபேசிப் பையன் பட்டியலை மறுபடியும் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டான். "பெரியப்பா, ரெண்டு டீமும் பதிமூணு மேட்ச்தான் ஜெயிச்சிருக்கு. நம்மளுது நாலு டிரா, மூணு தோல்வி. அவங்களுது மூணு டிரா, நாலு தோல்வி. அப்ப நமக்குக் கப்பு வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு டிராவா?"

பௌராணிகர் நெடுநேரம் பேசவில்லை. வேறொருவராயிருந்தால் வெட்கப்பட்டிருப்பார், அவரோ மறுநாட் காலையில், டிராவின் மகிமையைத் தாம் தொடக்கத்திலிருந்தே உபதேசித்து வந்ததாகவும், கூரத்தில் அதைக் கேட்டுக்கொள்ளப் பக்குவமுள்ள காதுகள் இல்லையென்றும் சொல்லிக்கொண்டு பெஞ்சுக்கு வந்துசேர்ந்தார். அவரைக் கேலி செய்யலாம். ஆனால் அவர் அன்று கண்டுகொண்டது அற்பமான விஷயமல்ல. ஒரே நாளில் தலையை வாங்கிவிடும் கோப்பைப் போட்டிக்கும் ஐந்து மாதகாலம் இழுத்துக்கொண்டு நடக்கும் லீக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: தோற்காமலிருந்ததற்கும் லீக் ஒரு கூலி வைத்திருக்கிறது. பட்டு விலையோடும் ஜரிகை விலையோடும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, வெல்லவும் முடியாமல் வீழவும் செய்யாமல் தறியை விடாது பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, அப்படிக் காலந்தள்ளியதற்கெல்லாம் வேறெங்கும் யாரும் ஒரு புள்ளிகூடப் போட்டுக் கொடுத்ததில்லை.

அதற்குப்பின் சில பருவங்களிலேயே சென்னை சிட்டி அந்த லீக்கிலிருந்து மறைந்துபோயிற்று. சூப்பர் லீக்கே தனியாக முதலிடத்தில் அமர்ந்தது. பௌராணிகர் இதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. சித்தாந்தம் கைக்குக் கிட்டிவிட்டதால் அணி அவருக்கு அவசியப்படவில்லை. வீட்டில் அம்மாளோடு நேரும் தர்க்கங்களையும், அண்டைவீட்டுக்காரரின் முருங்கை தம் பக்கம் சாய்ந்த விவகாரத்தையும், மருமகன் கேட்ட கைமாற்றையும் அவர் இப்போது டிராவாகவே முடித்து வருகிறார். கடைக்காரர் மட்டுமே இன்னும் வழிக்கு வரவில்லை. சென்ற மாதம் அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஐந்நூற்றுச் சொச்சம் பாக்கி நிற்பதாக நினைவூட்ட, பௌராணிகர் கருணையோடு அவரைப் பார்த்து, "நீயும் ஜெயிக்க வேணாம், நானும் தோக்க வேணாம். ஆளுக்கொரு பாயிண்ட் எடுத்துக்கலாம்" என்றார்.

"எடுத்துக்கலாம் பெரியப்பா" என்றார் கடைக்காரர், அடுப்பைத் தணித்துக்கொண்டே. "ஆனா மூணு பாயிண்ட் சேர்ந்தாத்தான் அடுத்த டீ."