மிஞ்சிய எலும்பில் சூப்: மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மிச்ச எலும்புச் சூப் என்பது, நேற்று தின்று தீர்த்த பிராணியை இன்று குடித்துத் தீர்க்கும் உபாயம். அதன் மூலப்பொருள் இரண்டு: மிஞ்சிய எலும்பு, மிஞ்சிய இறைச்சி. இரண்டாவது கோட்பாட்டளவில் மட்டுமே உண்டு. பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதைக் கண்டவர் இல்லை.

எலும்பு நால்வகைப்படும். கோழி எலும்பு, எங்கும் கிடைப்பது. ஆட்டெலும்பு, சிறந்தது. மாட்டு நல்லி, அடுப்பை அரை நாள் பிடித்துக்கொள்வது. நான்காவது போயா எலும்பு. இலங்கையில் போயா தினங்களில் இறைச்சிக் கடை திறப்பதில்லை என்பதால், முதல்நாள் வாங்கியதன் எலும்புக்கு அன்று தனி மரியாதை உண்டு. இவ்வகைப்பாட்டை வீட்டு நாய் ஏற்றுக்கொண்டதில்லை. எலும்பு முழுவதும் ஒரே வகை, அது தன் வகை என்பது நாயின் நிலைப்பாடு.

செய்முறையில் சிக்கல் எதுவும் இல்லை. எலும்பைத் தட்டி உடைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, சிறு நெருப்பில் வைக்க வேண்டும். மூட்டிலும் சவ்விலும் உள்ள கொலாஜன் மணிக்கணக்கில் வெந்து ஜெலற்றினாகக் கரைகிறது; ஆறவைத்த சூப் மறுநாள் கட்டியாக உறைவது அதனால்தான். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு நீரோடு கலந்து சூப் கலங்கிவிடும். பிரெஞ்சுக்காரரான தெனி பப்பின் 1679இல் லண்டனில் எலும்பை மெதுவாக்கும் மூடுபாத்திரம் ஒன்றை அமைத்தார். பிரஷர் குக்கர் அதன் வழித்தோன்றல். விசில் எத்தனை என்பது குடும்ப விவகாரம், ஆய்வு அதில் தலையிடாது.

சத்து பற்றியும் ஒரு வரி. எலும்பு ஜெலற்றினை நீண்ட காலம் ஆராய்ந்த பாரிஸ் அறிஞர் குழு, அது தனியாக மனிதருக்கு உணவாகாது என்று 1841இல் அறிக்கை தந்தது. அதாவது, கூடவே சோறு வேண்டும். றத்தோட்டையில் இம்முடிவை எட்டப் பத்து நிமிடம் போதும்.

இனி, சூப் ஆறினாலும் ஆறட்டும் என்று அறிஞர்கள் விவாதிக்கும் சொற்பிறப்பு. முதற்கட்சி, சூப் தூய தமிழ் என்கிறது. விரல் சூப்புகிறோம், குழந்தைக்குச் சூப்பி கொடுக்கிறோம், நல்லியைச் சூப்பாமல் சூப் முடிவதில்லை. இதற்குச் சான்று மேல்வீட்டு ஆச்சியின் வாய்மொழி. அதற்கு மறுப்பு, கீழ்வீட்டு ஆச்சியின் வாய்மொழி. மறுப்புக்கு உரை, உக்குவளையில் ஒரு கல்யாணப் பந்தியில் பெயர் சொல்லாத பெரியவர் வாயில் எலும்போடு நிகழ்த்தியது. எலும்பு இருந்தமையால் சில எழுத்துகளில் பாடபேதம் உண்டு. பாடபேதங்களைத் தொகுத்த பதிப்பு ஒரு மளிகைச் சிட்டையின் பின்புறம் இருந்தது. அச்சிட்டை இப்போது கடைக்காரரிடம், கடன் தீரும்வரை பார்வைக்குக் கிடைக்காது. இரண்டாம் கட்சி வடமொழிச் சூபத்தைக் காட்டுகிறது. அது பருப்புச் சாறு, சமையற்காரன் சூபகாரன். மூன்றாம் கட்சி, சாற்றில் ஊறிய ரொட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக இங்கே வந்தது என்கிறது. இது சரி என்பதால் இதில் ஆள் சேரவில்லை. எதிர்த்திசையில் போன மிளகுத்தண்ணி, ஆங்கிலத்தில் முலிகட்டானி ஆனதை எல்லாக் கட்சியும் ஒப்புக்கொள்கின்றன. சண்டைக்கு இடமில்லாத இடத்தில் ஆய்வுக்கும் வேலையில்லை. மூன்று கட்சியிலும் சூப் காய்ச்சியவர் எவருமில்லை.

அளவு எழுதப்படவில்லை. அதுவரை வாய்வழி ஓதப்பட்டுவந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் ஏடேறியது என்பது மரபு. சூப்பின் உப்பளவு அதே ஊர்ப்பக்கத்தில் இன்னும் ஓதல் நிலையில்தான் இருக்கிறது: 'ஒரு கை', 'கொஞ்சம் போல', 'பார்த்துப் போடு'.

மாத்தளையில் வாசனைத் திரவியத்துக்குப் பஞ்சமில்லை, ஆபத்து அங்கேதான். தம்புள்ளை வீதியோரத் தோட்டங்களில் பயணிகளுக்குக் காட்டும் கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் அத்தனையும் போட்டால் வருவது கஷாயம். ஒரு துண்டுக் கறுவா, இறக்கும்போது இடித்த மிளகு, கடைசியில் தேசிக்காய்ப் புளி போதும்.

நல்லியின் ஊனைத் தட்டில் தட்டி எடுப்பர், உறிஞ்சி எடுப்பர், விருந்தாளி இருந்தால் ஈர்க்கால் குத்தி எடுப்பர். சக்கை எலும்பு நாய்க்குப் போகும். நாய் அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள்ளும்.