கோப்பை வந்தது, பந்தயம் போச்சு!

கேள்வி: தோற்றே பழகிய அணி திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தால், அதன் ரசிகருக்கு என்ன ஆகும்?

பதில்: தூக்கம் போய்விடும்! 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டியை வெல்லும் என்று பந்தயம் கட்டினால், 1 பவுண்டுக்கு 5,000 பவுண்டு தர புக்கிகள் தயார். முந்தைய பருவத்தில் மாதக்கணக்காகக் கடைசி இடத்தில் கிடந்த அணியாச்சே! கோல் விடாமல் ஆடினால் பீட்சா என்று ஆசைகாட்டினார் பயிற்சியாளர் ரானியேரி. ஆடினார்கள். கடைக்குப் போனால், மாவை அவர்களே தட்ட வேண்டியிருந்தது!

அணி முதலிடத்துக்கு வந்த பிறகும், பந்தயம் கட்டியிருந்த சில ரசிகர்கள், 'நம்மாளுங்களைத் தெரியாதா' என்று கிடைத்ததை வாங்கிக்கொண்டு பந்தயத்தைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். 2016 மே 2 அன்று, துரத்தி வந்த டாட்டன்ஹாம் செல்சீயுடன் ஆடிய ஆட்டம் டிராவானதில் கோப்பை லெஸ்டருக்கு. ஊரே ஆடியது. அந்த ரசிகர்களும் ஆடியிருப்பார்கள், மனசுக்குள் பெருக்கல் கணக்குப் போட்டபடி!