யோசிக்க நேரமில்லை

எண்பதுகளில் எங்கள் ஊர் செஸ் வட்டாரத்தில் ஓப்பனிங் என்பது குடும்ப ரகசியம். பெல்கிரேடிலிருந்து வரும் ‘செஸ் இன்ஃபார்மன்ட்’ ஒரு தொகுதி வைத்திருந்தாலே பெரிய மனிதர். அதற்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு, மேலே ‘கணக்கு’ என்று எழுதி மறைத்து வைத்திருந்த அண்ணன் ஒருவர், கெஞ்சினால் ஓர் இரவுக்குக் கொடுப்பார். உள்ளே விளக்கம் ஒரு வரி இருக்காது, எல்லாம் குறியீடு. வெள்ளைக்குச் சாதகம் என்று ஒரு குறி. ஏன் சாதகம் என்பது அவரவர் பாடு.

விடிய விடிய ராய் லோபஸ் ஓப்பனிங்கை உருப்போட்டுக்கொண்டு போனால், எதிரே உட்கார்ந்த தபால்காரர் நாலாவது நகர்த்தலிலேயே ஓரத்துச் சிப்பாயைத் தள்ளுவார். புத்தகம் கிடைக்காததுதான் அவர் பலம். அதற்கப்புறம் இருவருக்கும் சொந்தப் புத்திதான் துணை. இருட்டும்வரை முடியாவிட்டால் அடுத்த நகர்த்தலை எழுதி, உறையில் ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைப்போம்.

இப்போது அக்கா மகனைப் போட்டிக்குக் கூட்டிப்போவது என் உத்தியோகம். யாருக்கு யார் என்று ஃபோனில் வந்ததுமே எதிராளியின் பழைய ஆட்டங்கள் லேப்டாப்பில் வரிசைகட்டுகின்றன. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் ஒவ்வொரு நிலைக்கும் தசமப்புள்ளியோடு மார்க் போடுகிறது. நள்ளிரவு வரை தயாரிப்பு.

மறுநாள் பையனை உள்ளே அனுப்பிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். காபி ஆறுவதற்குள் வந்துவிட்டான்.

“டிரா மாமா. பெர்லின்.”

ராய் லோபஸுக்குக் கறுப்பு சொல்லும் பதில்தான் பெர்லின்; லேசுப்பட்டதல்ல. 2000-இல் லண்டனில் கிராம்னிக் இதை வைத்துத்தான் காஸ்பரோவின் வெள்ளைக் காய்களைக் கட்டிப்போட்டுப் பட்டத்தைப் பறித்தார். இவர்கள் ஆடியது அதன் சமாதானக் கிளை: வெள்ளை ராணி இ4, டி4 என்றும் கறுப்பு ராணி இ6, டி6 என்றும் உலாவ, 14-ஆவது நகர்த்தலில் அதே நிலை மூன்றாம் முறை வந்துவிடும், ஆட்டம் டிரா. முப்பது நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்யக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். இவர்கள் எங்கே பேசினார்கள்?

நகர்த்தலுக்கு 30 வினாடி கூட்டித்தரும் கடிகாரம் வேறு. 90 நிமிடத்தோடு உட்கார்ந்தவன் 94 நிமிடத்தோடு எழுந்திருக்கிறான்.

மனசு ஆறாமல் சொன்னேன்: “2024-இல் குகேஷ் உலகப் பட்டம் ஜெயிச்சது ஓப்பனிங்கிலயாடா? கடைசி ஆட்டம், டிராவாகப் போக வேண்டியது. 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வெச்சார்.”

“அதுக்கு 55 வரைக்கும் உக்காரணுமே மாமா” என்று லேப்டாப்பைத் திறந்தான். “எனக்கு அடுத்த ரவுண்டுக்குப் படிக்கணும்.”