பாட்டு டீச்சரும் ஒரு திண்ணையும்

பள்ளிப்பட்டு போன்ற ஆந்திர எல்லையோரச் சிற்றூர்களில் பாட்டு டீச்சர் எனப்படுபவர் தனி இனமாகவே கருதத்தக்கவர். அவருக்கு மாணவரைச் சேர்த்துக்கொள்ளத் தெரியும், வேண்டாமென்று சொல்லத் தெரியாது. விஜயதசமியன்று வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நிற்கும் தாயிடம் இடமில்லை என்பது சரஸ்வதியையே வாசலோடு திருப்பி அனுப்புவதாகும் என்று அவர் நம்புவதால், கூடம் நிறைந்து, திண்ணை நிறைந்து, மாடிப்படியிலும் சரளி வரிசை, அதாவது ஏழு சுரங்களை ஏறியும் இறங்கியும் பாடிப் பழகும் முதற்பாடம், கேட்கத் தொடங்குகிறது.

அவ்வரிசை அமைந்த ராகம் மாயாமாளவகௌளை. திருத்தணியில் முருகன் முதியவராக வந்து முத்துசுவாமி தீட்சிதரின் வாயில் கற்கண்டை இட, அவர் அங்கே பாடிய முதற்கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' அமைந்ததும் இதே ராகத்தில்தான் என்பது மரபு. இதைப் புதிதாக வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் பெருமையுடன் சொல்லும் டீச்சர், குருவாக வந்த அந்த முருகனிடம் அன்று இருந்த மாணவர் ஒருவரே என்பதை மட்டும் சொல்வதில்லை.

அவரது கவனம் பிரிந்துகிடக்கும் விதம் ஆராய்ச்சிக்குரியது. வலக்கை தொடையில் ஆதி தாளம் போட, இடக்கை செல்போனில் அடுத்த பேட்ச்சின் நேரத்தை மாற்ற, காதுகளில் ஒன்று ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) ஒலிக்கும் சுருதிப் பெட்டியிலும், மற்றொன்று குக்கரிலும் இருக்கிறது. மூன்றாவது விசில் வந்ததும் "நீங்க பாடுங்கடா, இதோ வரேன்" என்று எழுந்து செல்கிறார். தியாகராஜர் கீர்த்தனை நடக்கும் நாளில், வீட்டில் தெலுங்கு பேசும் சிறுமி ஒருத்தி டீச்சரின் உச்சரிப்பைத் திருத்துவதும் உண்டு. இவ்வூரில் அது அவமரியாதையாகாது.

கூட்டத்தைச் சமாளிக்க அவர் கையாளும் வழி, மூத்த மாணவியைக் கொண்டு சிறுவர்களைப் பாடவைப்பது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை வழக்கத்தை ஒத்த இம்முறையைச் சென்னையில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, அது மெட்ராஸ் முறை என்ற பெயருடன் பரவியது. வாய்பாட்டுக்கு அது போதும், வாய்ப்பாட்டுக்குப் போதாது: மூத்தவள் சுத்த ரிஷபத்தை, அதாவது ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும் தாழ்ந்த ரிஷபத்தை, இழை அளவு தூக்கிப் பாடினால், அடுத்த விஜயதசமிக்குள் தெருவே அதைத் தூக்கிப் பாடுகிறது.

ஆடிக் கிருத்திகையன்று பாதி வகுப்பு காவடியுடன் திருத்தணிக்குப் போய்விட, எஞ்சிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாடச்சொல்லிக் கேட்டு அந்த ரிஷபத்தைப் பிடித்துத் திருத்திவிடுகிறார் டீச்சர். அன்று மாலையே, காலியாகக் கிடக்கும் திண்ணையைக் கண்டு, மேலும் இரு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்.